கோல் பட்டியலில் வராத பதினான்காம் இலக்கக்காரர்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

ஐரோப்பிய உதைபந்தாட்டக் கழகங்களுக்கான சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டங்களில் யாரும் எதிர்பாராத முடிவைத் தந்தவை பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் கடந்த வாரம் வெளிவந்த கட்டுரையை ஆவலோடு வாசித்தேன். 1997ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி மியூனிக் நகரின் ஒலிம்பிக் அரங்கில், ஜேர்மனியின் பொருசியா டோர்ட்மண்ட் கழகம் இத்தாலியின் ஜுவென்டஸ் கழகத்தை 3–1 என வென்ற ஆட்டத்துக்கு அதில் ஒரு முழுப் பந்தி ஒதுக்கப்பட்டிருந்தது. கார்ல்-ஹைன்ஸ் ரீட்லே ஐந்து நிமிட இடைவெளியில் போட்ட இரண்டு கோல்கள், ஜுவென்டஸுக்காக டெல் பியேரோ குதிக்காலால் தட்டிப் போட்ட ஒன்று, மாற்று வீரராக உள்ளே வந்த லார்ஸ் ரிக்கன் தம் காலில் பட்ட முதற் பந்தையே கோல் காப்பாளரின் தலைக்கு மேலால் தூக்கிப் போட்ட மூன்றாவது கோல் ஆகிய அனைத்தும் பிழையின்றி எழுதப்பட்டிருந்தன. பந்தியின் இறுதியில், ஜுவென்டஸின் நடுக்கள நட்சத்திரத்தைப் பற்றி, 'ஸிடேன் அன்று ஏனோ சோபிக்கவில்லை' என்று ஒரு வரி இருந்தது. இந்தக் கடிதத்தை எழுதவைத்தது அந்த 'ஏனோ' என்ற சொல்தான்.

அந்த 'ஏனோ'வுக்கு ஒரு பெயர் உண்டு. டோர்ட்மண்டின் நடுக்களத்தில் அன்று 14ஆம் இலக்கச் சட்டையோடு நின்ற ஸ்கொட்லாந்துக்காரர் போல் லம்பேர்ட். ஸிடேனுக்குப் பந்து வராமலும், வந்த பந்தோடு அவர் கோலைப் பார்த்துத் திரும்பாமலும் பார்த்துக்கொள்வதே அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை. அதற்கிடையில் 29ஆவது நிமிடத்தில் வலது பக்கத்திலிருந்து ரீட்லேயின் நெஞ்சுக்குப் பந்தை அனுப்பி, முதலாவது கோலுக்கு வழிசெய்தவரும் அவர்தான். கட்டுரையில் அவருடைய பெயர் ஓரிடத்திலும் இல்லை. கட்டுரையாளரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. உலகத்தின் பெரிய பத்திரிகைகள் பலவும் அவ்வாறே எழுதின, இன்றும் எழுதுகின்றன. ஆயினும் நடுக்களத்தில் நின்று ஆடியவன் என்ற வகையிலும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலைகளில் உடற்கல்வி கற்பித்தவன் என்ற வகையிலும் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

எங்கள் காலத்தில் அந்த இடத்துக்கு 'சென்ரர் ஹாவ்' என்று பெயர். ஊர்க் கழகத்துக்காகப் பந்தடித்துவிட்டு, முழங்காலில் செம்மண்ணோடு வீட்டுப் படலையைத் திறந்தால், கிணற்றடியில் நிற்கும் அம்மா கேட்கும் முதற் கேள்வி, "எத்தினை கோல் போட்டனி?" என்பதாகவே இருக்கும். "நான் போடேல்லை அம்மா" என்றால், "அப்ப நீ ஏன் போனனி?" என்பார். இந்தக் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பதிலை எனக்குக் காட்டித்தந்த மனிதர் என்றால் அவர் போல் லம்பேர்ட்தான். ஆகவே அவருடைய விளையாட்டு வாழ்க்கையைச் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

1969ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 7ஆம் திகதி கிளாஸ்கோ நகரில் பிறந்த லம்பேர்ட், அதற்கு அண்மையிலுள்ள லின்வூட் என்ற சிற்றூரில் வளர்ந்தார். அவ்வூரின் வயிற்றை நிரப்பியது ஒரு மோட்டார் வாகனத் தொழிற்சாலை. 1981இல் அது மூடப்பட்டபோது லம்பேர்ட்டுக்கு வயது பன்னிரண்டைத் தொடவில்லை. தொழிற்சாலை ஒன்று மூச்சடங்கிய ஊர் எப்படியிருக்கும் என்பதைக் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையை அறிந்த நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பக்கத்து நகரான பேஸ்லியில் உள்ள சென்ற் மிரன் கழகத்தில் சேர்ந்த அவர், 1987இல், பதினேழாவது வயதிலேயே, டண்டீ யுனைட்டெட் அணிக்கு எதிரான ஸ்கொட்லாந்துக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆடினார். மேலதிக நேரத்தில் விழுந்த ஒரேயொரு கோலால் சென்ற் மிரன் வென்றது. அந்த வயதில் அப்படி ஒரு வெற்றியைக் கண்டவர் அடுத்த ஆண்டே பெரிய கழகமொன்றுக்குப் போய்விடுவார் என்றுதான் எவரும் நினைப்பர். அவ்வாறு நடக்கவில்லை. மேலும் ஆறு ஆண்டுகள் அதே கழகத்தில், அது 1992இல் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்ட பின்னரும்கூட, அவர் ஆடிக்கொண்டிருந்தார். 1993இல்தான் மதர்வெல் கழகம் அவரை அழைத்தது. மதர்வெல்லும் தன் பெரிய உருக்காலையை அதற்கு முந்திய ஆண்டு இழந்திருந்த ஊர்.

மதர்வெல்லில் அவர் இன்று நாம் அறிந்த லம்பேர்ட் அல்லர். முன்னோக்கி ஓடி ஆடும் நடுக்கள வீரராகவே அங்கே இருந்தார். 1994இல் யுஈஎப்ஏ கிண்ணப் போட்டியில் மதர்வெல் சந்தித்த அணி, பின்னர் அவருடைய வாழ்க்கையையே மாற்றவிருந்த அதே டோர்ட்மண்ட். இரண்டு ஆட்டங்களிலும் மதர்வெல் தோற்றது. ஆயினும் அந்தப் பருவத்தின் முடிவில், அலெக்ஸ் மக்லீஷின் பயிற்றுவிப்பில், றேஞ்சர்ஸுக்கு அடுத்ததாக லீக்கில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. சிறிய கழகமொன்றுக்கு அது பெரிய காரியம்.

இந்த இடத்தில் உதைபந்தாட்டத்தோடு தொடர்பில்லாதது போலத் தோன்றும் ஒரு வழக்கைச் சொல்லவேண்டும். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோன்-மார்க் பொஸ்மன் என்ற வீரர், ஒப்பந்தம் முடிந்த பின்னரும் தம்மை வேறு கழகத்துக்குப் போகவிடாமல் பழைய கழகம் பணம் கேட்டு மறித்தது நியாயமா என்று கேட்டு நீதிமன்றம் சென்றார். 1995 டிசம்பர் 15ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எந்த நாட்டுக் கழகத்துக்கும் மாற்றுக் கட்டணமின்றிப் போகலாம் என்றாகியது. அந்தத் தீர்ப்பால் கோடி கோடியாகச் சம்பாதித்த நட்சத்திரங்களின் கதையை அனைவரும் எழுதுவர். வழக்காடிய பொஸ்மனுடைய சொந்த விளையாட்டு வாழ்க்கை அந்த வழக்கோடு கரைந்துபோனதைச் சிலரே எழுதுவர். அந்தத் தீர்ப்பின் முதற் பயனைப் பெற்ற சாதாரண வீரர்களுள் ஒருவர் லம்பேர்ட். 1996இல் மதர்வெல்லுடனான ஒப்பந்தம் முடிந்ததும் புதிய ஒப்பந்தத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாமல், டோர்ட்மண்டுக்குத் தேர்வுப் பயிற்சிக்குப் போனார்.

தேர்வுப் பயிற்சி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பதினாறு வயதுப் பையன்கள் போகும் தேர்வுக்கு, இருபத்தேழாவது வயதை எட்டிக்கொண்டிருந்த ஒருவர், பத்து ஆண்டுகள் முதற்தரப் போட்டிகளில் ஆடிய பின், மொழி தெரியாத நாடொன்றுக்குத் தம் சப்பாத்துப் பையோடு போனார். அன்று டோர்ட்மண்ட் 1995இலும் 1996இலும் தொடர்ந்து இரு தடவை ஜேர்மனிய லீக்கை வென்றிருந்த அணி. மத்தியாஸ் ஸமர், அன்ட்ரியாஸ் மோலர், யூர்கன் கோலர், ஸ்டெபான் ரொய்டர் என்று பெயர் சொன்னாலே போதுமானவர்கள் அங்கே இருந்தனர். இவர்களுள் ஸமர் அந்த ஆண்டிலேயே ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப்பந்தை வென்றவர். அத்தகைய கூட்டத்தினிடையே, மதர்வெல்லிலிருந்து வந்தவரை ஏற்றுக்கொண்டது மட்டுமன்றி, அவரை நடுக்களத்தின் பின்பகுதியில், பின்வரிசைக்கு முன்னால் நிறுத்திப் புதியதொரு வீரராக மாற்றியவர் பயிற்றுநர் ஒற்மார் ஹிற்ஸ்ஃபெல்ட். முன்னோக்கி ஓடிய காலை நிற்கப் பழக்குவது எளிதன்று. ஓடுவதற்கு உடல் போதும், எப்போது ஓடாமல் நிற்பது என்பதற்குத் தலை வேண்டும் என்று மாணவர்களுக்கு நான் பல தடவை சொன்னதுண்டு. அவர்கள் சிரித்துவிட்டு ஓடிவிடுவார்கள்.

அரையிறுதியில் மன்செஸ்டர் யுனைட்டெட் அணியை இரண்டு ஆட்டங்களிலும் 1–0 என வென்று டோர்ட்மண்ட் இறுதிக்கு வந்தது. எதிரே முந்திய ஆண்டின் சம்பியனான ஜுவென்டஸ். ஸிடேன், டிடியே டெஷாம், கிறிஸ்டியன் வியேரி, பொக்ஸிச் ஆகியோர் களத்தில் நிற்க, டெல் பியேரோ போன்ற ஒருவர் முதற்பாதி முழுவதும் வெளியில் குந்தியிருக்குமளவுக்கு அவ்வணியிடம் வீரர்கள் இருந்தனர். டோர்ட்மண்ட் வெல்லும் என்று நம்பியவர்கள் குறைவு.

அந்த ஆட்டம் நடந்தபோது இங்கே யாழ்ப்பாணத்தில் நள்ளிரவு கடந்திருந்தது. போரால் இடம்பெயர்ந்த வலிகாமத்து மக்கள் தென்மராட்சியிலிருந்து மீண்டு வந்து ஓராண்டு ஆகியிருந்த காலம் அது. ஊரடங்கு, அரைகுறை மின்சாரம், பாதை பூட்டு ஆகியவற்றினிடையே தொலைக்காட்சியில் ஐரோப்பிய ஆட்டம் பார்ப்பது என்பது கனவிலும் இல்லாதது. கவிழ்த்துவைத்த துவிச்சக்கரவண்டியின் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்த பழக்கம் எங்கள் வீட்டில் அப்போதும் விட்டுப்போயிருக்கவில்லை. மறுநாட் காலை அந்த வானொலியில் முடிவைக் கேட்டேன். ரீட்லே இரண்டு, ரிக்கன் ஒன்று. அவ்வளவுதான் செய்தி. நானும் அன்று 'ஸிடேனுக்கு என்ன நடந்தது?' என்றுதான் நினைத்தேன். அதாவது, தங்கள் கட்டுரையாளரின் 'ஏனோ' ஐந்து ஆண்டுகள் என் மனத்திலும் இருந்தது.

2002இல், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்த பின், ஜேர்மனியில் டோர்ட்மண்ட் பக்கத்தில் வசிக்கும் என் மருமகன் ஊருக்கு வந்தபோது, சொக்கலேற் பெட்டிகளுக்கு நடுவே துவாயொன்றில் சுற்றி ஓர் ஒளிநாடாவைக் கொண்டுவந்தான். ஹாம் நகரில் காமாட்சி அம்பாள் கோவில் எழுந்த அதே பிரதேசம்தான். எங்கள் பிள்ளைகள் பலர் அங்கே மஞ்சள்-கறுப்புச் சட்டை அணிந்து வளர்கிறார்கள். அயல்வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய நாடா இயக்கியில் அந்த ஆட்டத்தை மூன்று தடவை பார்த்தேன். முதற்தடவை எல்லோரையும்போலப் பந்தைப் பார்த்தேன். இரண்டாந்தடவை ஸிடேனைப் பார்த்தேன். மூன்றாந்தடவை பந்து எங்கே போனாலும் கண்ணை எடுக்காமல் 14ஆம் இலக்கத்தை மட்டும் பார்த்தேன். கையில் கொப்பியும் பென்சிலும் வைத்துக்கொண்டு, ஸிடேனுக்குப் போகவிருந்த பந்துகளில் அவர் எத்தனையைத் தடுத்தார் என்று கோடு போட்டு எண்ணத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்திலேயே எண்ணுவதைக் கைவிட்டேன். காரணம், அவர் செய்த வேலையில் பெரும்பகுதி பந்து தொடப்படாமலே நடந்தது.

அது எப்படி என்று விளக்குகிறேன். ஜுவென்டஸின் பின்வரிசையில் ஒருவரிடம் பந்து இருக்கும்போது, ஸிடேன் இடது பக்கமாக நழுவுவார். லம்பேர்ட் அவரைத் துரத்திக்கொண்டு முதுகோடு ஒட்டி ஓடுவதில்லை. பந்து வைத்திருப்பவருக்கும் ஸிடேனுக்கும் இடையில் ஒரு கோடு போட்டதாக வைத்துக்கொண்டால், அந்தக் கோட்டில் தம் கால் படும்படி இரண்டு அடி நகர்ந்து நிற்பார். பந்தைக் கொடுக்க நினைத்தவர் அதைக் கண்டு வேறு பக்கம் திரும்பிக் கொடுப்பார். புள்ளி விபரப் புத்தகத்தில் இதற்குப் பெயரில்லை. பந்து பறிக்கப்படவில்லை, தடுக்கப்படவில்லை, ஒருவரும் விழவில்லை. ஆயினும் உலகத்தின் மிகச் சிறந்த நடுக்கள வீரருக்குப் போகவிருந்த பந்து போகவில்லை. மீறிப் பந்து கிடைத்துவிட்டாலோ, லம்பேர்ட் காலை வீசிப் பறிக்கப் பாய்வதில்லை. ஸிடேனிடம் பாய்ந்தவர்கள் எல்லோரும் அவருடைய அந்தச் சுழற்சியில் ஏமாந்தவர்களே. ஒரு கை தூரத்தில் நின்று, அவர் கோலைப் பார்த்துத் திரும்ப முடியாதபடி உடலைச் சரித்து, எல்லைக்கோட்டுப் பக்கமாகவோ பின்னோக்கியோ பந்தைத் தள்ளவைப்பார். சதுரங்கத்தில் ராணியை வெட்டாமல் அதன் கட்டங்களை ஒவ்வொன்றாக அடைப்பது போன்றது அது. ஸிடேன் இடம் மாறிப் பார்த்தார், பின்னுக்கு இறங்கி வந்து பந்து வாங்கிப் பார்த்தார். பின்னுக்கு இறங்கினால் இறங்கட்டும் என்று விட்டுவிடுவதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய நுட்பம். டோர்ட்மண்டின் கோலிலிருந்து அறுபது யார் தூரத்தில் ஸிடேன் பந்தோடு நிற்பதால் அந்த அணிக்கு ஒரு நட்டமும் இல்லை.

லம்பேர்ட் தனியே நின்று இதைச் செய்தார் என்று சொன்னால் அது பிழையாகிவிடும். பக்கத்தில் போலோ சௌசா நின்றார். முந்திய ஆண்டு ஜுவென்டஸுக்காகவே அந்தக் கிண்ணத்தை வென்றிருந்தவர் அவர். எதிரணியின் பழக்கவழக்கங்கள் அவருக்கு மனப்பாடம். பின்னால் ஸமரும் கோலரும் இருந்தார்கள். இடைவேளைக்குப் பின் டெல் பியேரோ வந்ததும் ஜுவென்டஸ் அலையலையாக வந்தது என்பதும், ஒரு கோல் விழுந்தது என்பதும் உண்மை. அந்த அரைமணி நேரம் டோர்ட்மண்ட் நடுங்கியது. ரிக்கனின் கோல் வந்திராவிட்டால் என்ன நடந்திருக்குமோ, யார் அறிவார்? எனினும் அந்த நடுக்கத்தின்போதுகூடத் தாக்குதலின் ஊற்று ஸிடேனாக இருக்கவில்லை. அதுவே லம்பேர்ட்டின் கணக்கு.

அந்த முதலாவது கோலையும் சற்று நின்று பார்க்கவேண்டும். மூலை உதையொன்று வெளியே அடிக்கப்பட்டு, பந்து வலது பக்கத்தில் லம்பேர்ட்டிடம் வருகிறது. அவர் ஆரவாரம் எதுவுமின்றித் தலையை நிமிர்த்தி ஒரு தடவை பார்த்துவிட்டு, தூரக் கம்பத்தின் பக்கம் நின்ற ரீட்லேக்குப் பந்தை உயர்த்தி அனுப்புகிறார். ரீட்லே நெஞ்சில் வாங்கி இறக்கி, இரண்டு அடிக்குள் கோலாக்குகிறார். படப்பிடிப்புக் கருவி உடனே ரீட்லேயின் பின்னால் ஓடிவிடுகிறது. பந்தை அனுப்பியவர் திரும்பித் தம் இடத்துக்கு, ஸிடேனின் பக்கத்துக்கு, மெல்ல நடந்து போவதைக் காண அடுத்த காட்சிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. சம்பியன்ஸ் லீக் என்ற பெயர் வந்த பின்னர் அந்தக் கிண்ணத்தை வென்ற முதலாவது பிரித்தானிய வீரர் என்ற பெருமை அன்றிரவு அவருக்குக் கிடைத்தது.

இதே ஸிடேன், ஐந்து ஆண்டுகளின் பின் றியல் மட்ரிட் அணிக்காக, வானத்திலிருந்து இறங்கிய பந்தை இடக்காலால் அடித்துப் போட்ட கோலை உலகம் இன்றும் காட்டிக்கொண்டிருக்கிறது. அந்த 2002 இறுதியாட்டம் நடந்த இடம் கிளாஸ்கோவின் ஹம்ப்டன் பார்க் அரங்கு, லம்பேர்ட் பிறந்த நகரம். அந்தக் கோலின் அழகை நானும் மறுக்கவில்லை. அதை எத்தனை தடவை பார்த்தேன் என்பதற்கும் கணக்கில்லை.

அதன் பின்னான கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1997 நவம்பரில் அவர் டோர்ட்மண்டை விட்டுக் கிளாஸ்கோவின் செல்ற்றிக் கழகத்துக்கு வந்தார். பதினாறு மாதங்கள் மட்டுமே ஆடிய ஒரு வெளிநாட்டவரை, அதிலும் கோல் போடுவதைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவரை, டோர்ட்மண்ட் ரசிகர்கள் பெயர் சொல்லிக் கூவி, கண்ணீரோடு வழியனுப்பினார்கள். பந்தை விட்டு ஆளைப் பார்க்கத் தெரிந்த கூட்டம் அது. செல்ற்றிக்கில் அவருக்குக் காத்திருந்தது வேறுவகையான சுமை. எதிரிக் கழகமான றேஞ்சர்ஸ் தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் லீக்கை வென்றிருந்தது. பத்தாவதும் கிடைத்துவிட்டால் செல்ற்றிக்கின் பழைய சாதனை முறியடிக்கப்படும். 1998 புத்தாண்டின் இரண்டாம் நாள் அந்த இரு அணிகளும் மோதியபோது, 2–0 என்ற வெற்றியின் இரண்டாவது கோலைத் தூரத்திலிருந்து அடித்துப் போட்டவர் லம்பேர்ட். கோல் போடாதவர் என்று நான் சொல்லிவந்தவர், போடவேண்டிய நாளில் போட்டார். அந்த ஆண்டு லீக் செல்ற்றிக்குக்குக் கிடைத்தது. பின்னர் 2001, 2002, 2004 ஆகிய ஆண்டுகளிலும் கிடைத்தது. 2002இல் ஸ்கொட்லாந்தின் உதைபந்தாட்டச் செய்தியாளர்கள் அவரை ஆண்டின் சிறந்த வீரராகத் தெரிவுசெய்தனர். செய்தியாளர்களும் சிலவேளை பந்தை விட்டுக் கண்ணை எடுப்பார்கள் என்பதற்கு அது சான்று.

2003இல் ஸ்பெயினின் செவில் நகரில் நடந்த யுஈஎப்ஏ கிண்ண இறுதியாட்டத்துக்குச் செல்ற்றிக்கின் தலைவராக அவர் அணியை நடத்திச் சென்றார். ஜோஸே மொறீனியோ பயிற்றுவித்த போர்டோ அணியிடம், மேலதிக நேரத்தில், 3–2 எனத் தோற்றார்கள். ஸ்கொட்லாந்து தேசிய அணிக்காக 40 ஆட்டங்கள் ஆடி ஒரேயொரு கோல் போட்டார். 1998 உலகக் கிண்ணத்தின் தொடக்க ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக 2–1 எனத் தோற்ற அணியிலும் இருந்தார். 40 ஆட்டம், 1 கோல் என்ற அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து ஒருவர் அவரை எடைபோட்டால், என் அம்மா கேட்ட கேள்வியையே அவரும் கேட்பார்.

பயிற்றுநரான பின் வந்த கதை ஏற்ற இறக்கம் நிறைந்தது. அதில் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. 2009 ஓகஸ்டில், கொல்செஸ்ரர் அணியின் பயிற்றுநராக, நோரிச் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 7–1 என்று தோற்கடித்தார். அடுத்த சில நாட்களில் நோரிச் கழகம் தன் பயிற்றுநரை நீக்கிவிட்டு, தன்னை அடித்த அதே லம்பேர்ட்டைக் கூட்டிக்கொண்டு வந்தது. இரண்டே ஆண்டுகளில், மூன்றாம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கும் அங்கிருந்து இங்கிலாந்தின் பிரீமியர் லீக்குக்கும் நோரிச்சை அவர் ஏற்றிவிட்டார். பின்னர் அஸ்ரன் வில்லா முதலிய கழகங்களில் அவருக்கு அந்த அளவு கைகூடவில்லை.

இவ்வளவையும் எழுதுவதற்கு உள்ளூர்க் காரணம் ஒன்றும் உண்டு. சில மாதங்களுக்கு முன் குடாநாட்டின் மைதானமொன்றில் நடந்த பாடசாலை அணிகளுக்கிடையிலான இறுதியாட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். ஓர் அணியில், அந்தச் சுற்றுப்போட்டி முழுவதும் கோல்களைக் குவித்துவந்த கெட்டிக்காரப் பையன் ஒருவன் இருந்தான். மற்றைய அணியில் ஒல்லியான, சப்பாத்தின் முன்பக்கம் வாய்பிளந்து நூலால் கட்டியிருந்த பையன் ஒருவனிடம் அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு விடப்பட்டிருந்தது. அவன் அன்று செய்தது, அளவில் சிறிதானாலும், மியூனிக்கில் லம்பேர்ட் செய்ததேதான். ஒரு கை தூரம், உடலின் சரிவு, கோட்டில் வைக்கும் கால் ஆகிய எல்லாம் இருந்தன. யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. அவனுடைய அணி 1–0 என வென்றது. கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். இவன் மைதானத்தின் ஓரத்தில் குந்தியிருந்து அறுந்த நூலைப் பல்லால் கடித்து முடிந்துகொண்டிருந்தான்.

மறுநாள் பத்திரிகையொன்றில் அந்த ஆட்டத்தின் செய்தி வந்தது. கோல் போட்டவனின் பெயர் இருந்தது, சரி. அதற்குக் கீழே பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர்கள், கௌரவ விருந்தினர்கள், அனுசரணையாளர் ஆகியோரின் பெயர்கள் பதவிகளோடும் பட்டங்களோடும் பத்து வரிகளுக்கு வந்திருந்தன. படத்திலும் அவர்களே நின்றார்கள். ஆடிய இருபத்திரண்டு பேரில் ஒருவனுக்கே பெயர் இருந்தது. விருந்தினர்களைக் கௌரவிப்பதில் எனக்கு எவ்வித ஆட்சேபமும் இல்லை, நானும் இரண்டொரு மேடைகளில் மாலை வாங்கியவன்தான். ஆனால் உச்சி வெயிலில் ஓடியவனைவிடப் பந்தலுக்குக் கீழே இருந்தவருக்குக் கூடுதலான வரிகள் என்பது செய்தியாகாது, நன்றியுரையாகும்.

இது வெறும் மனத்தாங்கல் என்று எண்ணவேண்டாம். அதன் விளைவைப் பயிற்றுநர்கள் ஒவ்வொரு நாளும் காண்கிறார்கள். புதிதாகச் சேரும் பத்துப் பையன்களிடம் எந்த இடத்தில் ஆட விருப்பம் என்று கேட்டால் எட்டுப் பேர் முன்வரிசை என்பார்கள். ஒருவன் கோல் காப்பாளன் என்பான். மற்றவன் அண்ணாமார் எங்கே விடுகிறார்களோ அங்கே என்பான். நடுக்களம் என்பது முன்னால் இடம் கிடைக்காதவன் போய் நிற்கும் இடமாகிவிட்டது. பெயர் வராத வேலையை விரும்பிக் கேட்க ஒரு பையனுக்கு எந்தக் காரணமும் நாம் கொடுக்கவில்லை. பெற்றோரும் அப்படியே. மகனின் பெயர் பத்திரிகையில் வந்தால் அதை வெட்டிச் சாமி அறையில் ஒட்டும் தாய், பெயர் வராத ஆண்டில் "ஓ.எல். சோதினை வருது, பந்தடி காணும்" என்று சப்பாத்தை எடுத்து ஒளித்துவிடுகிறார்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமன்று. உள்ளூர் இறுதியாட்டங்களின் செய்தியிலாவது, இரு அணிகளிலும் ஆடிய பதினொருவரின் பெயர்களையும் அவர்கள் நின்ற இடங்களோடு வெளியிடவேண்டும். கோல் விபரத்துக்குப் பின், எதிரணியின் முக்கிய வீரரைக் கவனித்துக்கொண்டவர் யார் என்பதற்கு ஒரு வரி போதும். இடம் போதாது என்றால் விருந்தினர் பட்டியலிலிருந்து எடுக்கலாம். தங்கள் செய்தியாளர்கள் பலர் இடைவேளைக்குப் பின் வந்து, ஏற்பாட்டுக் குழுவினரிடம் கடதாசித் துண்டொன்றை வாங்கிக்கொண்டு போவதை நான் கண்டிருக்கிறேன். அந்தத் துண்டில் கோலும் விருந்தினரும் மட்டுமே இருப்பார்கள். அணிப் பட்டியல் மத்தியஸ்தரிடம் இருக்கும், கேட்டால் தருவார்.

கடந்த வாரக் கட்டுரையைப் பொறுத்தவரை, என்னிடமிருந்த ஒளிநாடா பூஞ்சணம் பிடித்துப் பாழாகிவிட்டது. ஆனால் அந்த ஆட்டத்தை இப்போது இணையத்தில் எவரும் பார்க்கலாம். கட்டுரையாளர் நேரம் கிடைக்கும்போது பந்தை மறந்து 14ஆம் இலக்கத்தை மட்டும் அரைமணி நேரம் பார்க்கவேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, 1997 இறுதியாட்டத்தில் முதலாவது கோலுக்கான பந்தை அனுப்பியவரும், ஸிடேனைக் கவனித்துக்கொண்டவரும் போல் லம்பேர்ட் என்ற திருத்தத்தை, இடமிருந்தால் இரண்டு வரியில் வெளியிட்டு உதவவும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.